மேலே இடமில்லாத ஓணான்கள்

மதுரையின் பெயரைத் தாங்கிய பாம்புகள் இரண்டு உண்டு. ஆனையூர்க் கண்மாய்க் கரையிலும் வைகை மணலிலும் எவ்வளவு தோண்டினாலும் அவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது. 1870களில் சென்னை மாகாண வனத்துறை அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம், அன்றைய மதுரை மாவட்டத்து மலைகளில் கண்டெடுத்த கேடயவால் பாம்புகளில் இரண்டுக்கு 'மதுரென்சிஸ்' என்று பெயரிட்டார். அன்று பழனி மலை, சிறுமலை, மேகமலை எல்லாம் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தன. திண்டுக்கல் பிரிந்தது 1985இல், தேனி அதற்கும் பிறகு. ஆக, ஊர்ப் பெயர் சமவெளியுடையது, உயிர் மலையுடையது. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள சோலை மண்ணுக்குள் மூக்கால் துளைத்துக்கொண்டு வாழும் இந்தப் பாம்புகளுக்கு, மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் மதுரை வெயில் வேறொரு உலகம். அந்த இரண்டு உலகங்களுக்கும் இடையிலான தூரம் நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவு; உயரத்தில் சுமார் 2,000 மீட்டர். புவி வெப்பமடையும்போது கீழேயுள்ள உலகம் மேலே ஏறுகிறது. மேலே இருப்பவை எங்கே போகும் என்பதுதான் கேள்வி. இதற்கு வெறும் வெப்பமானியை வைத்துப் பதில் சொல்ல முடியாது. மலை ஊர்வனவற்றைக் கொல்லப்போவது சூடு என்பதைவிட, சூட்டிலிருந்து விலகிக்கொள்ள இருந்த வாய்ப்புகள் ஒவ்வொன்றாகப் பறிபோவதுதான் என்பது என் கருத்து.

முதலில் எழும் மறுப்பு எளிமையானது, நியாயமானதும்கூட. ஊர்வன வெயிலை விரும்புபவை அல்லவா? வேலியோரக் கருவேல மரத்தில் ஓணான் வெயில் காய்வதை யார்தான் பார்த்ததில்லை? குளிர்ந்த மலையில் ஓரிரு டிகிரி கூடினால் அவற்றுக்கு நல்லதுதானே? ஓணானும் அரணையும் பாம்பும் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை, சுற்றுப்புறத்திலிருந்து பெறுகின்றன. ஆனால், பெறுவதைக் கணக்காகப் பெறுகின்றன. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நகர்ந்து நகர்ந்து, தமக்கு உகந்த ஒரு குறுகிய வெப்ப வரம்புக்குள் உடலை வைத்துக்கொள்வதுதான் அவற்றின் நாள் முழுதுமான வேலை. அந்த வரம்பை நோக்கி வெப்பம் ஏறும்போது ஓட்டம், செரிமானம், வேட்டை எல்லாமே மெல்ல மெல்லச் சிறக்கும். உச்சத்தைத் தாண்டிவிட்டால் வீழ்ச்சி செங்குத்தானது. அடுப்பில் வைத்த பால் மாதிரி: நெடுநேரம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும், பொங்குவதற்குச் சில நொடிகள் போதும். உகந்த வெப்பத்துக்கும் உயிர் போக்கும் வெப்பத்துக்கும் இடையே சில டிகிரிகள்தாம் இடைவெளி. சமவெளி ஓணான் மதுரையில் பிழைத்திருப்பது அது 40 டிகிரியைத் தாங்குவதால் அல்ல. உச்சி வெயிலில் மரத்தின் மறுபக்கம் போய் அசையாமல் இருந்துவிடத் தெரிந்ததால்தான்.

வெப்பமண்டல மலைகளில் இந்த இடைவெளி இன்னும் சிக்கலாகிறது. 1967இல் அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சென் ஒரு விசித்திரமான கருத்தை முன்வைத்தார்: அதே உயரமுள்ள கணவாய், குளிர்நாட்டு விலங்கைவிட வெப்பமண்டல விலங்குக்கு அதிக உயரமானது. குளிர்நாட்டில் ஒரே விலங்கு கோடையின் சூட்டையும் பனிக்காலத்தின் உறைகுளிரையும் ஒரே ஆண்டில் பார்த்துவிடுகிறது. ஆகவே மலையேறினால் சந்திக்கும் குளிர் அதற்குப் புதிதல்ல. கொடைக்கானலில் அப்படி இல்லை. மாதத்துக்கு மாதம் சராசரி வெப்பம் அதிகம் மாறுவதில்லை. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. இப்படிப்பட்ட இடத்தில் பல லட்சம் ஆண்டுகள் வாழ்ந்த உயிருக்கு அகன்ற தாங்குதிறன் தேவைப்பட்டதே இல்லை. 2008இல் கர்டிஸ் டாய்ச்சும் கூட்டாளிகளும் உலகெங்கும் உள்ள பூச்சிகளின் தாங்குதிறனை ஒப்பிட்டுப் பார்த்தபோது, துருவங்களை நோக்கி வெப்பநிலை மிக வேகமாக ஏறினாலும், பாதிப்பு அதிகம் எதிர்பார்க்கப்படுவது வெப்பமண்டலத்தில்தான் என்று தெரிந்தது. ஓணான், ஆமை, தவளைகளிலும் அதே சாயல்தான். அங்கே உயிர்கள் ஏற்கெனவே தம் உகந்த வெப்பத்தின் விளிம்பில் நிற்கின்றன. அடுத்த ஆண்டு ரேமண்ட் ஹியூயி முதலியோர் வெப்பமண்டலக் காட்டு ஓணான்களைப் பற்றிக் குறிப்பாகவே இதைச் சொன்னார்கள்: நிழலுக்குள்ளேயே வாழப் பழகியவை இவை, அந்த நிழலே சூடாகிவிட்டால் ஒதுங்குவதற்கு அதைவிடக் குளிர்ந்த இடம் கிடையாது.

இது கணிப்பு மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு மெக்சிகோவின் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே 1975 முதல் 1995 வரை முள்செதில் ஓணான்கள் பதிவு செய்யப்பட்டிருந்த 200 இடங்களுக்கு, பாரி சினர்வோ தலைமையிலான குழு 2006–2008இல் திரும்பவும் சென்றது. 48 இனங்கள் வாழ்ந்திருந்த அந்த இடங்களில் 12 சதவீதத்தில் ஓணான்கள் மறைந்துவிட்டிருந்தன. வெயிலில் கருகிச் செத்த ஓணான் எங்கும் கிடக்கவில்லை. அவர்கள் செய்தது என்னவென்றால், ஓணானின் உடலைப் போலவே சூடேறும் சிறு வெப்பப் பதிவுக் கருவிகளை அவற்றில் சில இடங்களில் வைத்து, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓணான் பொந்துக்குள் ஒளிந்தே இருக்க வேண்டியிருக்கும் என்று எண்ணினார்கள். இனப்பெருக்கக் காலமான மார்ச், ஏப்ரலில் அந்த ஒளிவு நேரம் நாளுக்கு நான்கு மணி நேரத்தை நெருங்கிய இடங்களில்தாம் ஓணான்கள் இல்லாமல் போயிருந்தன. ஒளிந்திருக்கும் நேரத்தில் இரை தேட முடியாது. இரை இல்லாத பெண் ஓணானுக்கு முட்டை வைக்கவோ குட்டி போடவோ சத்து இருக்காது. பத்து ஆண்டுகள் இப்படிப் போனால் அந்த இடத்தில் இளையவை இல்லை, பிறகு முதியவையும் இல்லை. இந்தக் கணக்கை உலகுக்கு விரித்து, 2080க்குள் ஓணான் இனங்களில் ஐந்தில் ஒன்று அழியக்கூடும் என்று 2010இல் அவர்கள் எழுதினார்கள். அந்தக் கடைசி எண்ணைப் பலர் ஏற்கவில்லை. ஒரு நாட்டின் ஒரு பேரினத்திலிருந்து கிடைத்த விதியை உலகம் முழுதுக்கும் பொருத்துவது அவசரம் என்றார்கள். நிழலுக்குள்ளேயே வேட்டையாடும் ஓணான்களையும் அதிகாலைக்கு மாறிக்கொள்ளும் ஓணான்களையும் இந்தக் கணக்கு பார்க்கவில்லை என்றார்கள். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால், அது ஆபத்தைக் குறைக்கவில்லை, இடம் மாற்றுகிறது: இனி ஓணானின் விதி காற்றின் வெப்பத்தில் மட்டுமல்ல, காலடியில் நிழல் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதிலும் இருக்கிறது.

நிழலுக்கு அடுத்தபடி ஓணானுக்கு உள்ள வழி உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். ஆக, வெப்பம் ஒரு டிகிரி கூடினால் பழைய குளிர்ச்சியைத் தேடி 150 மீட்டர் ஏற வேண்டும். உண்மையிலேயே ஏறுகின்றனவா? மடகாஸ்கரின் ட்சரட்டனானா மலையில் கிறிஸ்டோபர் ராக்ஸ்வர்த்தியின் குழு 1993இலும் 2003இலும் எடுத்த கணக்கை ஒப்பிட்டபோது, 30 ஊர்வன, தவளை இனங்கள் பத்தே ஆண்டுகளில் சராசரியாக 19 முதல் 51 மீட்டர் வரை மேலே நகர்ந்திருந்தன. அந்தக் காலத்து வெப்ப உயர்வை வைத்துப் பார்த்தால் எதிர்பார்க்க வேண்டிய அளவோடு இது ஒத்துப்போகிறது. உச்சிக்கு அருகே மட்டும் வாழும் மூன்று இனங்களுக்கு, 2 டிகிரி கூடினால் அந்த மலையில் வாழிடமே மிஞ்சாது என்றும் கணித்தார்கள். பழனி மலையில் கொடைக்கானல் ஊர் 2,100 மீட்டரில் இருக்கிறது; மிக உயர்ந்த வந்தரவு உச்சி 2,553 மீட்டர். இடையே 450 மீட்டர், அதாவது மூன்று டிகிரிக்கான இடம். கேட்கத் தாராளமாகத் தோன்றும். உலக மலைகள் எல்லாம் கூம்புகள் அல்ல, மேலே போகப் போக நிலம் குறைந்தே தீரும் என்பதில்லை என்று 182 மலைத்தொடர்களை அளந்த ஒரு 2015 ஆய்வும் சொல்கிறது. மூன்றில் இரண்டு மலைத்தொடர்கள் கூம்பு வடிவில் இல்லை. பழனி மலையும் கூம்பல்ல, மேசை போன்ற அகன்ற பீடபூமி. சரிவிலிருந்து ஏறி வருபவற்றுக்கு அது ஓர் அனுகூலம்தான். சிக்கல் அந்த மேசையின் மேல் ஏற்கெனவே வாழ்பவற்றுக்கு: அதற்கு மேலே மிஞ்சுவது சிதறிய சில முகடுகள். மேசையின் மேல்தான் கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளைகின்றன, பைனும் தைல மரமும் வாட்டிலும் நிற்கின்றன, விடுதிகள் முளைக்கின்றன.

ஒரு மலையில் இல்லாமல் போனால் பக்கத்து மலையில் இருக்காதா என்பது அடுத்த ஆறுதல். தென்னிந்திய ஊர்வனவற்றைப் பொறுத்தவரை இந்த ஆறுதல் அண்மைக் காலத்தில் வேகமாகக் கரைந்துவருகிறது. மலைச் சோலைகளின் குச்சிக் கிளைகளில் மெதுவாக நகரும் சாலியா ஓணான் பேரினத்தில் உலகிலேயே இரண்டு இனங்கள்தாம். ஒன்று நீலகிரியில் வாழ்வது, மற்றது பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலையின் பெயரைத் தாங்கியது. இரண்டும் சமவெளியில் இறங்கிக் கடந்துபோகக் கூடியவை அல்ல. இன்னும் தெளிவான சான்று ஒரு பல்லி. திராவிடப் பல்லி எனத்தக்க 'டிராவிடோகெக்கோ' பேரினத்தில் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே இனம் இருப்பதாகவே எண்ணியிருந்தார்கள். 2019இல் ஆர். சைதன்யா, வி. தீபக், பிரவீன் கரந்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுவையும் உடலமைப்பையும் வைத்துப் பிரித்துப் பார்த்தபோது ஆறு புதிய இனங்கள் வெளிப்பட்டன. மேகமலைக்கு ஒன்று, கொடைக்கானல் பகுதிக்கு ஒன்று என மலைக்கு மலை வேறு. கொடைக்கானல் இனத்துக்குத் 'தொல்பல்லி' என்றே பெயர் வைத்தார்கள், அழகான பெயர். ஒரே இனத்தின் கிளைக்குடிகள் என்று நினைத்தவை தனித்தனி இனங்கள் என்றால், ஒரு மலையில் நிகழும் மறைவு உள்ளூர் இழப்பாக இராமல் உலகத்திலிருந்தே அழிந்துபோவதாகிவிடுகிறது. சிறுமலையைப் பாருங்கள். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே தனித்து நிற்கும், 2,000 மீட்டரை எட்டாத மலை அது. பெட்டோம் 1877இல் அங்கிருந்து விவரித்த திண்டுக்கல் கேடயவால் பாம்புக்கு அந்த மலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஏறுவதற்கும் மேலே பெரிதாக ஒன்றும் இல்லை.

இலங்கையில் இதே நிலை வேறொரு கூர்மையோடு இருக்கிறது. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி உயரங்களில் வாழும் கொஃபோடிஸ் என்ற குட்டை ஓணான் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. அதன் குடும்பத்தில் அது அபூர்வம். நக்கிள்ஸ் மலையில் மட்டும் வாழும் அதன் உறவினம் 2006இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது, இன்று அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. குட்டி போடுவது குளிருக்கான தந்திரம்: மண்ணில் விட்ட முட்டை குளிர்ந்துபோகும், வயிற்றுக்குள் இருந்தால் தாய் அதை வெயிலுக்கு எடுத்துப்போகலாம். நம் மலைகளின் குழிவிரியன்களும் கேடயவால் பாம்புகளும் குட்டி போடுபவையே. குளிரில் வரமாக இருந்தது வெப்பத்தில் சுமையாகிறது. முட்டையிடும் ஓணான் நல்ல ஈர மண்ணாகப் பார்த்து முட்டையை ஒளித்துவிட்டுத் தன் வழியே போகலாம். கருவைச் சுமக்கும் தாய் தன்னோடு சேர்த்து அதையும் மாதக்கணக்கில் சூட்டிலிருந்து காக்க வேண்டும். மெக்சிகோவிலும் குட்டி போடும் இனங்களுக்கே அபாயம் அதிகம் என்று கண்டார்கள்.

வெப்பத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஈரத்தை மறந்துவிடுவோம். மேகமலை என்ற பெயரே சொல்வது போல, இந்தச் சோலைகள் மழையை மட்டும் நம்பியவை அல்ல. மேகமும் மூடுபனியும் இலையில் படிந்து சொட்டும் நீரும் கோடையில் மண்ணை ஈரமாக வைத்திருக்கின்றன. காற்று சூடானால் மேகம் உருவாகும் உயரமும் மேலே போகக்கூடும். கோஸ்டா ரிக்காவின் மொண்டேவெர்டே மேகக்காட்டில் மூடுபனியற்ற நாள்கள் பெருகியதோடு தவளைகளும், இரண்டு அனோல் ஓணான் இனங்களும் குறைந்துபோனதை ஆலன் பவுண்ட்ஸ் குழு 1999இல் பதிவு செய்தது. அந்த இரு ஓணான்களும் 1996க்குள் ஆய்விடத்தில் இல்லாமல் போயின. அங்கே தவளைகளின் மறைவுக்குப் பூஞ்சை நோயும், எல் நினோ கொண்டுவந்த வறட்சியும் காரணம் என்று பிறகு வாதிட்டார்கள். தவளை விஷயத்தில் அந்தத் திருத்தம் சரியாகவே இருக்கலாம். ஆனால், அந்தப் பூஞ்சை ஓணானைக் கொல்வதில்லை. மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புக்கு ஈரம்தான் கதவு: மண் காய்ந்து இறுகினால் துளைக்க முடியாது, அதன் இரையான மண்புழுவும் ஆழத்துக்குப் போய்விடும். வெப்பமானி காட்டாத வறட்சி இது.

இனி எல்லோரும் கேட்கும் பெரிய மறுப்பு. காலநிலை இதற்கு முன்பும் மாறியிருக்கிறதே, இந்த உயிர்கள் பிழைத்துத்தானே இன்று இருக்கின்றன? ஆம், நம் மலைகளே அதற்குச் சாட்சி. நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணில் உள்ள கார்பனின் வகைகளை அளந்து, ரா. சுகுமாரும் ரமேஷும் கூட்டாளிகளும் 1993இல் ஏறக்குறைய 20,000 ஆண்டுக் கதையைப் படித்துக் காட்டினார்கள்: பனியூழியின் உச்சத்தில் வறட்சி, புல்வெளியின் பரவல், பிறகு ஈரம், மரங்களின் எழுச்சி, மீண்டும் ஏற்ற இறக்கங்கள். சோலையும் புல்வெளியும் பலமுறை இடம் மாறியிருக்கின்றன. அன்று நிகழ்ந்த மாற்றம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பரவிக் கிடந்தது. இன்று ஒரு நூற்றாண்டுக்குள் நெருக்கிக் கேட்கப்படுகிறது. அதைவிட முக்கியமாக, அன்று குளிர்ந்த யுகத்தில் மலை உயிர்கள் கீழே இறங்கின, சரிவுகளில் நிலம் தாராளம். இன்றைய பயணம் எதிர்த்திசையில், உச்சியை நோக்கி. பரிணாமம் கைகொடுக்காதா என்றால், அதிலும் ஒரு முரண் இருக்கிறது. குளிரைத் தாங்கும் திறன் வேகமாக மாறுகிறது, வெப்பத்தைத் தாங்கும் திறன் மாறுவதே இல்லை எனும்படி மந்தமாக இருக்கிறது. கரீபியத் தீவான ஹிஸ்பானியோலாவில் மார்த்தா முன்யோஸ் அனோல் ஓணான்களை அளந்தபோது, கீழே வாழ்பவையும் உச்சியில் வாழ்பவையும் ஏறக்குறைய ஒரே வெப்ப வரம்பைக் கொண்டிருந்தன. குளிர் வரம்பில்தான் வேறுபாடு. காரணம், பகலில் நிழலைத் தேடி ஒதுங்கி ஓணான் வெப்பத்தைத் தவிர்த்துவிடுகிறது. தவிர்த்துவிட்டதற்கு இயற்கைத் தேர்வு எப்படி வேலை செய்யும்? இரவுக் குளிரிலிருந்து ஒதுங்க இடமில்லை, ஆகவே அங்கே உடலே மாறுகிறது. இன்று ஓணானைக் காப்பாற்றும் சாமர்த்தியமே நாளைய வெப்பத்துக்கு அதன் உடலைத் தயாராக விடவில்லை. நிழல் உள்ளவரை தப்பலாம். நிழல் போனால் மாற்று ஏற்பாடு எதுவும் உடலில் இல்லை.

அப்படியானால் மரத்தை நட்டுவிட்டால் போதுமா? பழனி மலையில் ஏறக்குறைய இதைத்தான் செய்தோம், விளைவு தலைகீழ். தோல் பதனிடும் தொழிலுக்கு வாட்டிலும் கூழுக்கும் விறகுக்கும் தைல மரமும் பைனும் நடப்பட்டு, புல்வெளியின் பெரும்பகுதி மூடப்பட்டது. ஓணானுக்கு வேண்டியது நிழல் மட்டும் அல்ல, நாலு தாவலில் வெயிலிலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து வெயிலுக்கும் போய்வரும் வசதி. நியூ மெக்சிகோவில் மைக்கேல் சியர்ஸ் குழு வேலியடைத்த திடல்களில் நிழல்துணி கட்டிச் செய்த சோதனை இதற்கு நேரடிச் சான்று. நிழலின் மொத்தப் பரப்பு மாறவில்லை. ஒரு திடலில் அது ஒரே பெரிய துண்டு, மற்றவற்றில் சிதறிய சிறு துண்டுகள். சிதறிய நிழலில் விடப்பட்ட ஓணான்களே தம் உடல் வெப்பத்தைச் செம்மையாகக் காத்துக்கொண்டன. 2016இல் வெளியான முடிவு இது. மடுவில் சோலை, மேட்டில் புல், இரண்டும் தொடும் நீண்ட வளைந்த விளிம்பு என்ற பழனி மேல்மலையின் பழைய அமைப்பு இதைத்தான் இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. சீராக வரிசை கட்டி நிற்கும் வாட்டில் தோப்பு இருக்கும்வரை முழு நிழல், வெட்டிய மறுநாள் முழு வெயில். ஓணானுக்கு இரண்டுமே உதவாது.

ஆகவே, அயல்மரம் என்றாலே அடியோடு வெட்டு என்ற கூச்சலில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கொடைக்கானலின் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைப் போல அங்கே பல ஆண்டுகள் உழைத்தவர்கள் கவனித்த ஒன்று: பழைய தோப்புகள் பலவற்றின் அடியில், அந்த நிழலையே பயன்படுத்திக்கொண்டு சோலை மரக் கன்றுகள் தாமாக எழுகின்றன. அங்கே மொட்டையடித்தால் எழுந்துவரும் சோலையும் அதன் கீழ் மண்ணின் ஈரமும் சேர்ந்து போகும். மெதுவாக விலக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். மிஞ்சியிருக்கும் புல்வெளிகளில் ஊடுருவும் வாட்டில் நாற்றுகளைப் பிடுங்குவதுதான் அவசரம், அது மலிவும்கூட. மேல்மலையைவிடக் கவலைக்குரியவை இடைச்சரிவுகள். கீழிருந்து ஏறி வரும் இனங்களுக்குப் படிக்கட்டாக இருக்க வேண்டிய 1,000 முதல் 1,800 மீட்டர் வரையிலான பகுதி, காப்பி, ஏலம், தேயிலை, சாலை, விடுதி என்று துண்டாகிக் கிடக்கிறது; 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தின் எல்லை இந்தத் தனியார் நிலங்களுக்குப் பொருந்தாது. சிறுமலையில் உயரம் என்ற வழியே இல்லாததால், அங்கே எல்லாம் தோட்டக்காரர் கையில்தான் இருக்கிறது. நாட்டு மரங்களின் நிழலில் காப்பியும் சிறுமலை வாழையும் வளரும் தோட்டத்தில் சருகு மக்கிய ஈர மண் மிஞ்சும். அதே தோட்டம் மனைப்பிரிவாகி மரம் வெட்டப்பட்டால், உலகம் ஒரு டிகிரி சூடாக எடுத்துக்கொள்ளும் பல ஆண்டுகளை அந்த மண் ஒரே கோடையில் தாண்டிவிடும்.